பிரேத அறை வேலை: பயம் வேண்டாம், கவனம் வேண்டும்



நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் ஆஸ்பத்திரிகளில் சிற்றூழியர்களாக இருக்கிறார்கள். அதிலும் ஒருவர் பிரேத அறையில் வேலை செய்கிறார் என்றால், "பொணத்துக் கிருமி நமக்கும் ஒட்டிக்கும்" என்று லயத்திலே அவரை ஒதுக்குகிறவர்களும் உண்டு. இது சரியா?

இறந்த உடம்பைப் பார்ப்பதாலோ, பக்கத்தில் நிற்பதாலோ நோய் வந்துவிடாது. 2004 சுனாமியில் நம் நாட்டில் 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள். உடல்கள் நாட்கணக்கில் கிடந்தும் அவற்றால் கொள்ளைநோய் எதுவும் பரவவில்லை. நாற்றம் வேறு, நோய் வேறு.

அப்படியானால் ஆபத்து எங்கே? இரத்தத்திலும், உடம்பிலிருந்து கசியும் நீரிலும், மலத்திலும்தான். ஈரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி, காய்ந்த இரத்தத்தில்கூட 7 நாளாவது உயிரோடு இருக்கும். பிரேதப் பரிசோதனை முடிந்து உடம்பைத் தைக்கும்போது கையில் ஊசி குத்தினால் அது உள்ளே போய்விடும். சயரோகத்தால் இறந்தவரின் நெஞ்சைத் திறக்கும்போது கிருமி காற்றிலும் கலக்கும்.

இந்த வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 3 தடவை போட வேண்டும். முதல் ஊசிக்கு 1 மாதம் கழித்து இரண்டாவது, 6 மாதத்தில் மூன்றாவது. இடையில் விட்டுவிடாதீர்கள்.

2. கையுறை, ஏப்ரன், முகக்கவசம், பூட்ஸ் இல்லாமல் வேலை தொடங்க வேண்டாம். கையுறையைக் கழற்றியதும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

3. அங்கே சாப்பாடு, வெற்றிலை, பீடி கூடாது. வேலை உடுப்போடு வீட்டுக்கு வரவும் கூடாது.

4. ஊசி குத்தினால் காயத்தைப் பிதுக்காமல், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையென்றால் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். ஏச்சு விழும் என்று மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

லயத்தில் சாவு நடந்து நாமே குளிப்பாட்டும்போதும் இதே கவனம் வேண்டும். கவ்வாத்துக் கத்தி வெட்டியோ வேறு விதமாகவோ கையில் காயம் உள்ளவர்கள் குளிப்பாட்ட வேண்டாம். கையுறை இல்லையென்றால் ஓட்டையில்லாத சொப்பிங் பேக்கைக் கையில் கட்டிக்கொள்ளலாம். குளிப்பாட்டிய தண்ணீர் பீலிப் பக்கம் ஓடக்கூடாது. தொற்றுநோயால் இறந்தவர் என்றால் முதலில் டிஸ்பென்சரியில் கேட்டுச் செய்யுங்கள்.

கை கழுவி, உடுப்பு மாற்றி வருகிறவரால் நமக்கு ஒரு கெடுதலும் இல்லை. அவருக்கும் ஒரு தேத்தண்ணி கொடுங்கள். நம் சொந்தங்களின் உடம்பை நல்லபடியாக நம்மிடம் ஒப்படைப்பவர் அவர்தானே!