மதியத்தில் சுருளும் சோளன் இலை

மாரி மழையை நம்பிச் சோளன் போட்டிருக்கிறீர்கள். முளைத்து இரண்டு மூன்று கிழமைக்குள் மழை விட்டுவிடுகிறது. மதியத்தில் பார்த்தால் இலைகள் வெங்காயத் தாள் போலச் சுருண்டு நிற்கின்றன. பயிர் போய்விட்டது என்று எண்ணி அழித்து உழவோ, கிணற்றிலுள்ள தண்ணீரை எல்லாம் அன்றைக்கே இறைக்கவோ அவசரப்பட வேண்டாம்.

மண் காயத் தொடங்குவதை முதலில் அறிவது வேர்தான். அது அனுப்பும் ஒரு பொருள் இலைக்குச் சென்று, நீர் ஆவியாக வெளியேறும் நுண்ணிய துளைகளை மூடச் செய்கிறது. புது இலை வளர்வது மந்தமாகும். ஆனால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போய்க்கொண்டிருக்கும். இலை சுருள்வதும் வெயில் படும் பரப்பைக் குறைப்பதற்கே. துளைகள் மூடியிருக்கையில் பயிர் தனக்கு உணவு தயாரிப்பதும் குறைந்துவிடும் என்பதால் இதை நெடுநாள் தாங்காது.

ஆகவே மதியத்தில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். விடியற்காலையில் போய்ப் பாருங்கள். இலை விரிந்திருந்தால் பயிர் சமாளிக்கிறது, தண்ணீரைச் சேமிக்கலாம். காலையிலும் சுருண்டே இருந்தால் அன்றே தண்ணீர் கட்டுங்கள். தினமும் மேலாகத் தெளிப்பதைவிட ஒரு முறை வேர் ஆழம்வரை நனைய விடுவது நல்லது. எண்ணெய்ச் செலவும் குறையும்.

இலை கருகினாலும் பயிர் செத்ததாகாது. ஏறக்குறைய ஆறு இலை விரியும்வரை சோளனின் குருத்து முனை மண்ணுக்குள்ளேயே இருக்கும். ஒரு கன்றைப் பிடுங்கி அடித்தண்டை நெடுக்காகக் கீறிப் பாருங்கள். முனை வெள்ளையாகவும் உறுதியாகவும் இருந்தால் மழை பெய்ததும் தளிர்க்கும். பழுப்பாகி மெதுத்திருந்தால் அந்தக் கன்று மீளாது. பல இடங்களில் கீறிப் பார்த்த பின்பே மறுபடி விதைப்பதா என்று தீர்மானியுங்கள், கையிலுள்ள விதை கொஞ்சந்தானே.

பயிரைத் தாங்கும் வேர்கள் மேல்மண்ணில், ஓரிரண்டு அங்குல ஆழத்துக்குள்தான் தோன்றுகின்றன. அந்த மண் காய்ந்து கிடந்தால் அவை இறங்கமாட்டா, கன்று காற்றுக்குச் சாயும். அப்படிச் சாய்ந்தவற்றுக்கு ஈரமண் அணைத்துவிடுங்கள். களையைப் பிடுங்கி விடுங்கள், சோளனுக்கு உரிய நீரை அது குடிக்கிறது. வைக்கோலோ சருகோ வரிசைகளுக்கிடையே பரப்பினால் ஈரம் நிற்கும். பற்றைக் காட்டோரம் சருகு கூட்டப் போவதானால், கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட காணிக்குள் மட்டும் போங்கள்.

காய்ந்த மண்ணில் யூரியா இடாதீர்கள். ஒரு பங்கு காற்றோடு போகும், மிச்சம் வேருக்குக் கிட்டாது. மழைக்கோ இறைப்புக்கோ பிறகு இடலாம். கிணற்று நீர் மட்டாக இருந்தால் பெரும் பங்கை ஆண்பூ விரிந்து பொத்தியில் நூல் தள்ளும் நாட்களுக்கு வையுங்கள். சிறு பயிரில் பட்ட வாட்டம் ஓரளவு ஆறிவிடும். அந்த நாட்களில் வாடினால் பொத்தியில் மணி பிடிக்காது.