உங்களுக்குத் தெரியுமா? 36 லட்சத்தில் மிஞ்சுவது 42!

வெவ்வேறு உயரமுள்ள 10 பேரை குரூப் போட்டோவுக்கு ஐந்தைந்து பேராக இரண்டு வரிசையில் நிறுத்த 36,28,800 வழிகள் உண்டு. இடமிருந்து வலமாக உயரம் கூடிக்கொண்டே போக வேண்டும், பின்னால் நிற்பவர் தமக்கு நேர் முன்னால் இருப்பவரைவிட உயரமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால், மிஞ்சுவது வெறும் 42!

● எல்லாரிலும் குட்டையானவருக்கு முன்வரிசையின் இடது ஓரம், நெட்டையானவருக்குப் பின்வரிசையின் வலது ஓரம். இந்த இருவருக்கும் வேறு இடமே கிடையாது.

● 9 பேரை மும்மூன்றாக மூன்று வரிசையில் நிறுத்தினாலும் அதே 42. என்ன அழகான பொருத்தம்!

● எத்தனை வரிசையானாலும் கணக்குச் சொல்லும் சூத்திரம் 1954இல் வெளியானது. தந்தவர்கள் ஃபிரேம், ராபின்சன், த்ரால்.

● வீட்டில் 6 பேர் இருந்தால் மும்மூன்றாக நின்று பாருங்கள். 5 வழிதான்.