தன்னைத் தானே எடுத்துரைத்தல்

உத்தியோகம் தேடப் புறப்படும் இளைஞரும் யுவதியரும் முதலில் எழுத வேண்டியிருப்பது தம்மைப் பற்றியதோர் எழுத்தாகும். அதனைச் சுயவிபரக்கோவை என்கின்றோம். பள்ளிக்கூடத்தில் மழைக்காலத்தைப் பற்றியும் நூலகத்தின் பயனைப் பற்றியும் தங்குதடையின்றி எழுதியவர்கள், தம்மைப் பற்றி இரண்டு பக்கம் எழுத நேர்ந்ததும் திகைக்கின்றனர். சிலர் கூச்சத்தினால் தம் திறமையை மறைத்து விடுகின்றனர். வேறு சிலர் எங்கோ கிடைத்த மாதிரியைப் பார்த்து, அதிலுள்ள புகழ்மொழிகள் அனைத்தையும் தமக்கே உரியனவாக்கிக் கொள்கின்றனர். இவ்விரண்டினாலும் விளைவது நட்டமே.

தற்புகழ்ச்சி குற்றம் என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம். ஆயினும், நன்னூல் செய்த பவணந்தி முனிவர் புலவன் தன்னைத் தானே புகழ்தல் தகுமென நான்கு இடங்களைக் காட்டியுள்ளார். அவற்றுள் இரண்டு இங்கே கருதத்தக்கன. ஒன்று, அரசனது அவைக்கு ஓலை எழுதி விடுக்கும் வேளை. மற்றொன்று, தனது ஆற்றலை அறியாதவரிடையே நிற்கும் வேளை. வேலைக்கு விண்ணப்பிப்பவனுக்கு இவ்விரு நிலைமைகளும் ஒருங்கே பொருந்துகின்றன அல்லவா? ஆதலின் கூச்சத்திற்கு இங்கே இடமில்லை. ஆனால், உள்ளதைச் சொல்வதற்கே உரிமையுண்டு, இல்லாததைச் சொல்வதற்கன்று.

அடுத்து எண்ண வேண்டியது, இதனை வாசிப்பவர் யார் என்பது. அவர் முன்னே விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கும். தமக்கு வேண்டிய ஆள் இவர்தாமா என்பதொன்றே அவரது வினா. இத்தாலிய ஓவியர் லியனார்டோ டாவின்சி, ஏறத்தாழ 1482 ஆம் ஆண்டளவில், மிலான் நகரத்து ஆட்சியாளருக்குத் தம்மைச் சேவையில் அமர்த்துமாறு விண்ணப்பமொன்று எழுதினார். போர் அபாயம் சூழ்ந்திருந்த அக்காலத்தில், இலகுவான பாலங்கள் அமைப்பதையும் படைக்கலங்கள் செய்வதையும் முதலிலே வரிசைப்படுத்திய அவர், உலகமே போற்றும் தமது ஓவியத் திறனை இறுதியிலேதான் குறிப்பிட்டார். பெறுபவரின் தேவை எதுவோ அதுவே முதலில் நிற்க வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். ஆகவே ஒரே கோவையைப் பத்து இடங்களுக்குப் பிரதி செய்து அனுப்புதல் தகாது. விளம்பரத்தை இருமுறை வாசித்து, அதிற் கேட்கப்பட்ட தகைமைகளுக்கு ஏற்ப ஒழுங்கை மாற்றுதல் வேண்டும்.

"கடின உழைப்பாளி", "நேர்மையானவர்" முதலிய அடைமொழிகள் எதனையும் நிரூபிப்பதில்லை. "கூட்டுறவுச் சங்கக் கடையில் இரண்டு வருடங்கள் கணக்கேடு எழுதினேன், மாத இறுதியில் இருப்பெடுத்தேன்" என்னும் வாக்கியமோ உழைப்பையும் நேர்மையையும் தானே உணர்த்தி விடும். தொழில் அனுபவம் இல்லாதவர்களும் மனந்தளர வேண்டியதில்லை. சனசமூக நிலையத்தின் பொருளாளராக இருந்தமை, சாரணர் படையில் பயின்றமை, தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெற்றமை ஆகிய அனைத்தும் ஆண்டுடன் குறிக்கத்தக்கனவே. போரினாலும் இடப்பெயர்வினாலும் படிப்புத் தடைப்பட்டோர் நம்மிடையே பலர். அந்த இடைவெளியை மறைக்க முயன்றால் ஐயமே பிறக்கும். காரணத்தை ஒரே வரியிற் கூறி, அதன்பின் யாது கற்றோம் என்பதை எழுதுதலே நன்று.

அரசாங்கப் பதவிகளுக்கு முறை வேறு. வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் வர்த்தமானியில் மாதிரிப் படிவம் தரப்பட்டிருந்தால், அதன்படியே விண்ணப்பத்தைத் தயாரித்தல் வேண்டும். பதவியின் பெயரைக் கடித உறையின் இடது பக்க மேல் மூலையில் எழுதுமாறும், பதிவுத் தபாலில் அனுப்புமாறும் கேட்டிருந்தால் அவற்றையும் தவறவிடலாகாது. முடிவுத் திகதிக்குப் பின் கிடைக்கும் விண்ணப்பம், எத்துணைத் தகைமையுடையாரதாயினும், நிராகரிக்கப்படும்.

தமிழ்ப் பிள்ளைகள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது பெயர். தந்தையின் பெயரை முன்னே வைத்து எழுதுவது நமது வழக்கம். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டல், தேசிய அடையாள அட்டையில் இன்னொன்று, க.பொ.த. சாதாரண தரச் சான்றிதழில் வேறொன்று என அமைந்து விட்டால், நேர்முகப் பரீட்சையன்று தொல்லை நேரும். இவற்றை முன்கூட்டியே ஒப்பிட்டுப் பார்த்து, பிழையிருப்பின் பிரதேச செயலகத்தில் விசாரித்துத் திருத்திக் கொள்ளுதல் அவசியம். பெற்றோர் இதிலே துணைநின்றால், பிள்ளை பரீட்சைக்குத் தோற்றுமுன்பே இக்குறை நீங்கி விடும்.

நற்சான்று கூறுவோராக உறவினரல்லாத இருவரைக் குறிப்பிடுக. அவர்தம் சம்மதத்தை முன்னரே பெறுக. தொலைபேசி இலக்கத்தையும் மின்னஞ்சல் முகவரியையும் பிழையற எழுதுக. முடிவில், மொழியறிந்த ஒருவரிடம் கொடுத்துத் திருத்தியபின், முழுவதையும் ஒருமுறை உரத்து வாசித்துப் பாருங்கள். நேர்முகப் பரீட்சையில் எந்த வரியைச் சுட்டிக் கேட்டாலும் நிமிர்ந்து விடை கூற முடியுமா என்று ஒவ்வொரு வரியிலும் உங்களையே வினவுங்கள். முடியாதென்று தோன்றும் வரியை அப்பொழுதே நீக்கி விடுங்கள். எஞ்சி நிற்பவற்றைத் தயக்கமின்றி அனுப்பலாம்.