அப்பாவுக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் எடுங்க!

ஒரத்தநாட்டுல இருந்து தஞ்சாவூருக்கு உங்க அப்பா இதுவரைக்கும் எத்தனை தடவை போயிருப்பார்? கணக்கே இருக்காது. உரம் வாங்க, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு, கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுக்க, கல்யாண ஜவுளி எடுக்க, உங்க அட்மிஷனுக்கு... வேலை முடிஞ்ச கையோட பட்டுக்கோட்டை பஸ்ஸைப் பிடிச்சு வீடு வந்து சேர்ந்திருப்பார். சரி, அரண்மனைக்குள்ள இருக்கிற கலைக்கூடத்துக்கு எத்தனை தடவை போயிருப்பார்? இன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது கேட்டுப் பாருங்க. நம்ம பக்கத்து வீடுகள்ல பெரும்பாலும் வர்ற பதில் ஒண்ணுதான். “அங்க நமக்கென்னப்பா வேலை?”

நிறைய வேலை இருக்கு பாஸ். ஒரு ஞாயித்துக்கிழமை அவரைக் கூட்டிட்டுப் போற வேலை உங்களுடையது.

நீங்க மட்டும் என்ன? ஏழாவது படிக்கும்போது ஸ்கூல் டூர்ல போயிருப்பீங்க. ‘தொடாதே, நிக்காதே, நகரு’ன்னு சார் விரட்ட, அரை மணி நேரத்துல நூறு சிலையைத் தாண்டி ஓடியிருப்பீங்க. இப்ப ஞாபகத்துல இருக்கிறது டிபன் பாக்ஸ் புளிசாதம் மட்டும்தான். அதுக்குப் பேர் பார்க்கிறது இல்ல. இந்தத் தடவை நூறு வேண்டாம். அஞ்சாறு பொருள் போதும். ஆனா உட்கார்ந்து, நின்னு, சுத்தி வந்து பார்க்கணும்.

முதல்ல அந்த இடம் எப்படி வந்ததுன்னு அப்பாகிட்ட சொல்லுங்க, அசந்துடுவார். தஞ்சாவூரை ஒட்டிய கரந்தையில ஒரு பழைய பிரம்மா சிலை கேட்பாரில்லாம கிடந்திருக்கு. கல்கத்தாவுல இருந்து வந்த ஒருத்தர் அதைப் பார்த்துட்டு, ‘எங்க ஊருக்கு எடுத்துட்டுப் போறோம்’னு கேட்டிருக்கார். அதுவரைக்கும் யாரும் திரும்பிப் பார்க்காத சிலைதான். ஆனா ‘எடுத்துட்டுப் போறோம்’னு சொன்னதும் ஊர்க்காரங்களுக்குச் சுருக்குனு தைச்சிருச்சு. விட மாட்டோம்னுட்டாங்க. அப்புறம்தான், அப்ப இருந்த கலெக்டர் அரண்மனையிலேயே இடம் ஒதுக்கி, சுத்துவட்டாரத்துல இப்படிச் சிதறிக் கிடந்த சிலைகளையெல்லாம் கொண்டுவந்து சேர்க்க ஏற்பாடு பண்ணினார். 1951-ல கலைக்கூடம் பிறந்தது இப்படித்தான்.

உள்ளே போனா, செப்புத் திருமேனிகள் இருக்கிற பக்கம் நேரா போயிடுங்க. அங்க ரிஷபவாகன தேவர் நிக்கிறார். சீர்காழிக்குப் பக்கத்துல திருவெண்காட்டுல மண்ணுக்குள்ள இருந்து கிடைச்சவர். வருஷம் 1011. பெரிய கோயில் கும்பாபிஷேகம் நடந்த 1010-க்கு அடுத்த வருஷம். ராஜராஜன் உயிரோட இருந்த காலம். ஆயுதம் கிடையாது, ஆவேசம் கிடையாது. ஒரு காலை லேசா மாத்திப் போட்டு, பாம்பு சுத்தின சடையைத் தலைப்பாகை மாதிரி கட்டிக்கிட்டு, ஒரு கையை எதுமேலயோ சாய்ச்ச மாதிரி வச்சுக்கிட்டு நிக்கிறார். எதுமேல? காளைமேல. அந்தக் காளை இப்ப இல்ல. கை மட்டும் காத்துல சாய்ஞ்சிருக்கு. ஆனா ஒரு நிமிஷம் பார்த்துக்கிட்டே இருங்க, காளை அங்க நிக்கிறது தெரியும். மாட்டுமேல கையைப் போட்டுக்கிட்டு நிக்கிறது எப்படின்னு உங்களைவிட உங்க அப்பாவுக்கு நல்லாத் தெரியும். எந்தக் கை, எவ்வளவு உயரம், மாடு எந்தப் பக்கம் நின்னிருக்கும்னு அவரையே கேளுங்க. கைடு புத்தகம் எதுவும் அந்த அளவுக்குச் சொல்லாது.

பக்கத்துலயே அம்மன். இது அடுத்த வருஷம், 1012. ரெண்டு பேரையும் ஒண்ணா நிறுத்திப் பார்க்கணும்.

இதை எப்படிச் செஞ்சாங்கங்கிறதும் அப்பாவோட சப்ஜெக்ட்தான். முதல்ல மெழுகுல முழு உருவம். அதுமேல காவிரி வண்டலைக் குழைச்சு நைஸா பூசுவாங்க; காய்ஞ்சதும் அடுத்த பூச்சு. அப்புறம் சூடு காட்டினா மெழுகு உருகி வெளியே ஓடிடும். அந்த வெற்றிடத்துல உருக்கின உலோகத்தை ஊத்தி, ஆறினதும் அச்சை உடைக்கணும். அச்சு போனா போனதுதான், அதே சிலையை மறுபடி வார்க்க முடியாது. சுவாமிமலையில இன்னிக்கும் ஸ்தபதிகள் இந்த முறையிலதான் வார்க்கிறாங்க. நம்ம வயல்ல நெல்லு விளையுற வண்டலும், அந்தச் சாமியோட விரல் நுனி அவ்வளவு மென்மையா விழுந்ததுக்குக் காரணமான வண்டலும் ஒரே ஆத்தோடதுதான். புது ஆத்துத் தண்ணி வயலுக்கு வரும்போது கலங்கலா வந்தா சந்தோஷப்படுவாரே அப்பா, ஏன்னு இப்ப உங்களுக்கும் புரியும்.

கல் சிலைகள் பக்கம் வந்தா, தாராசுரத்துல இருந்து வந்த கஜசம்ஹார மூர்த்தியை விட்டுடாதீங்க. யானையைக் கிழிச்சு, அந்தத் தோலை முதுகுக்குப் பின்னால விரிச்சுக்கிட்டு ஆடுற சிவன். உடம்பு எப்படி முறுக்கியிருக்குன்னு பாருங்க. கல்லுன்னு நம்பவே முடியாது. அதே வளாகத்துல திமிங்கலத்தோட எலும்புக்கூடு ஒண்ணும் இருக்கு. தரங்கம்பாடி கரையில ஒதுங்கினது. தம்பி தங்கச்சிங்க ஓட்டு அதுக்குத்தான் விழும், தடுக்காதீங்க!

சரஸ்வதி மகாலுக்கு அரை மணி நேரமாவது மிச்சம் வைங்க. சுமார் 49,000 சுவடிகள் இருக்கிற இடம். எல்லாத்தையும் பார்க்க விட மாட்டாங்க, ஆனா அங்கேயே ஒரு சின்ன மியூசியம் இருக்கு. லெ ப்ரூன்னு ஒரு பிரெஞ்சு ஓவியர், மனுஷ முகத்தையும் மிருக முகத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வரைஞ்ச படங்கள் அங்க ஃபேமஸ். ஆந்தை, ஒட்டகம், செம்மறியாடுன்னு ஒவ்வொண்ணுக்கும் உங்க கிளாஸ்ல ஒரு ஆள் கிடைப்பான். (லெக்சரர் பேரைச் சொல்லிச் சிரிச்சா அது உங்க ரிஸ்க்.) சிரிச்சு முடிச்சதும் சரபோஜியைப் பத்திப் பேசுங்க. 1798-ல இருந்து 1832 வரைக்கும் மன்னர். கண் நோயாளிகளோட குறிப்புகளைக் கண் படத்தோட எழுதி வைக்கச் சொன்னவர். 1805-லயே அச்சகம் வச்சவர். யானை வைத்தியம் பத்தின சுவடிகளும் இந்த நூலகத்துல உண்டு. நம்ம ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில படிக்கிறவங்களுக்கு இது தாத்தா சொத்து மாதிரி.

இவ்வளவும் இங்கேயே இருக்குன்னு நிம்மதியா இருந்துட முடியாது. அதே நூலகத்துல இருந்த, 1715-ல தரங்கம்பாடியில சீகன்பால்க் அச்சிட்ட தமிழ் பைபிள் 2005-ல காணாமப் போச்சு. 2022-ல லண்டன்ல இருக்குன்னு சிலை கடத்தல் தடுப்புப் போலீஸ் கண்டுபிடிச்சாங்க. திருவாரூர் பக்கத்துப் பத்தூர்ல 1976-ல மண்ணுக்குள்ள இருந்து கிடைச்ச நடராஜர், கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். அந்தக் கேஸ்ல பத்தூர் கோயிலே ஒரு தரப்பா நின்னு ஜெயிச்சு, 1991-ல திரும்பக் கொண்டு வந்தாங்க. லா படிக்கிறவங்க இந்தத் தீர்ப்பைத் தேடிப் படிங்க, சினிமா மாதிரி இருக்கும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியா வரைக்கும் போய் 2014-ல திரும்பினவர். கரந்தையில ‘விட மாட்டோம்’னு சொன்ன மாதிரி சொல்றதுக்கு, நம்மகிட்ட என்ன இருக்குன்னு முதல்ல தெரிஞ்சிருக்கணும் இல்லையா? உழும்போதோ குழி வெட்டும்போதோ சிலை கிடைச்சா கலெக்டருக்குத் தகவல் சொல்லணும்னு 1878-ல இருந்தே சட்டம் இருக்கு. இதையும் அப்பாகிட்ட பேச்சோட பேச்சா சொல்லி வைங்க. கலப்பை பிடிக்கிறவருக்குத்தான் இது தேவை.

தஞ்சாவூர் முடிஞ்சதுன்னா அடுத்த மாசம் புதுக்கோட்டை. திருக்கோகர்ணத்துல இருக்கிற அரசு அருங்காட்சியகம் 1910-ல சமஸ்தானக் காலத்துல தொடங்கினது. சிலை மட்டும் இல்ல. கல், தாது, பறவை, விலங்கு, நாணயம், ஓவியம்னு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ. ‘சாமி சிலையா, போர்’னு சொல்ற தம்பிக்கு இது சரிப்படும்.

இனி ஏற்பாடு. அறுவடை நேரத்துல கூப்பிட்டா திட்டுதான் விழும். சம்பா அறுத்து நெல்லு போட்டு, பணம் கைக்கு வந்த பிறகு கேளுங்க. விடுமுறை நாள் ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு மாதிரி, அதனால முந்தின நாளே போன் போட்டு விசாரிச்சுக்குங்க. பழைய பஸ் ஸ்டாண்டுல இருந்து அரண்மனை நடை தூரம்தான். காலையிலேயே போயிடுங்க, மத்தியானம் கால் வலிக்க ஆரம்பிச்சா அம்மா எதையும் பார்க்க மாட்டாங்க. டிக்கெட் காசு உங்க பாக்கெட் மணியில இருந்தே போகட்டும். இல்லைன்னா அப்பா வாசல்லயே ‘நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க, நான் டீ சாப்பிட்டுட்டு இங்க நிக்கிறேன்’னுடுவார். செல்போனைக் கொஞ்சம் பையில போடுங்க. போர்டைப் படிச்சுக் காட்டாதீங்க, ‘இது என்னப்பா?’ன்னு நீங்க கேளுங்க, அவர் சொல்லட்டும்.

முட்டி வலின்னு அப்பாயி வர முடியலையா? அவங்களுக்கு ஊருக்குள்ளயே ஒரு இடம் இருக்கு. சரபோஜி தன் காதலி முக்தாம்பாள் நினைவா ஒரத்தநாட்டுல கட்டின சத்திரம். வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்டு, பிள்ளைகளுக்குப் படிப்பும் சொல்லிக் கொடுத்த இடம். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஆட்டோ வச்சுக் கூட்டிட்டுப் போங்க. வாசல்ல ஒரு ஓரமா உட்கார வச்சு, அவங்க சின்னப் பொண்ணா இருந்தப்ப இங்க என்ன இருந்துச்சு, யார் தங்கினாங்கன்னு கேளுங்க. கையில ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும்.