ஸ்டோர் குப்பைக்குக் கணக்கு உண்டு

"குப்பை எடுக்குற சபை டிரக்டர் மெயின் ரோட்டோடயே திரும்பிருதே, லயத்துக்கு ஏன் மாமா வர்றதில்ல?" என்று கேட்டான் மருமகன். மழை பிடித்துக்கொண்ட மாலை. இஸ்தோப்பில் ஆளுக்கொரு கோப்பை சாயத்தண்ணி. கேள்வி சின்னதுதான், பதில் சொல்லி முடிக்க இன்னொரு கோப்பை ஊற்ற வேண்டியிருந்தது.

முதலில் இந்தத் தூளையே எடுத்துக்கொள்வோம் என்றேன். ஸ்டோருக்குள் நாலரைக் கிலோ கொழுந்து போனால் ஏறத்தாழ ஒரு கிலோ தூள் வரும். மீதி பெரும்பாலும் தண்ணீர், வாட்டும்போதும் உலர்த்தும்போதும் ஆவியாகிவிடும். சலிக்கையில் காம்பும் நாரும் பஞ்சும் ஒதுங்கும். அதுதான் கழிவுத் தேயிலை. அதை நினைத்தவருக்கு விற்க முடியாது. வாங்குகிறவர் தேயிலைச் சபையின் அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும். 1957ஆம் ஆண்டின் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்தக் குப்பையைக்கூட விட்டுவைக்கவில்லை. விட்டால் சீனியைக் கலந்து நல்ல தூள் என்று விற்றுவிடுவார்கள். லொறியோடு பிடிபட்ட செய்தி பேப்பரில் அடிக்கடி வருகிறதே.

ஆக, ஒரே தோட்டத்தில் ஸ்டோர் குப்பைக்கு நிறுவையும் கணக்கும் உண்டு. லயத்துக் குப்பைக்கு? முன்பு ஒரு வாசக்கூட்டி இருந்தார். வாசலையும் கானையும் கூட்டிக் குழிக்குக் கொண்டுபோவார். செக்ரோலில் அவருக்கும் பேர் விழும். அந்தக் காலத்துக் குப்பை சாம்பலும் தோலும்தான், குழியிலேயே மக்கிப்போகும். ஷொப்பிங் பேக்கும் யோகட் கப்பும் வந்தபிறகு அந்தக் குழி எதற்குக் காணும்?

டிரக்டர் திரும்பிப் போவதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு. தோட்டக் குடியிருப்புக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க அது தடையாக நின்றது. வோட்டு கேட்க லயத்துக்கு வரலாம். குப்பை எடுக்க வர முடியாது! 2018இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். அதே ஆண்டுத் தேர்தலுக்கு முன் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய சபைகளும் ஆறாகப் பிரிந்தன. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனைக்கெல்லாம் தனித்தனிச் சபை வந்தது அப்படித்தான்.

"பெறகு ஏன் வரல?"

சட்டம் மாறினால் போதுமா? டீசல் வேண்டும், ஆள் வேண்டும், கல்லுப் பாதையில் ஏறுகிற வண்டி வேண்டும். அள்ளினாலும் கொட்ட இடம் வேண்டும். நுவரெலியா மாநகர சபைக்காவது ஜப்பான் உதவியோடு அமைத்த இடம் மூன் பிளேன்ஸில் இருக்கிறது. மற்ற ஊர்களில் கொட்ட இடம் தேடுவதே பெரும் வழக்கு. 2017 ஏப்ரலில் கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து 32 பேர் போனதைப் பார்த்தபின், தன் ஊரில் கொட்டச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

அதனால் கானில் போடுகிறோம். மழை கொண்டுபோய்விடும். எங்கே? டிக்கோயா பக்கத்துத் தண்ணீர் காசல்ரீக்கு இறங்கி, கடைசியில் களனி கங்கையில் சேரும். அதைத்தான் அம்பத்தலையில் அள்ளிச் சுத்தம் செய்து கொழும்புக்காரர்கள் குடிக்கிறார்கள். மலைக்கு அந்தப் புறம், கொட்டகலைத் தண்ணீர் மகாவலிக்குப் போகிறது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் கான் கீழ் லயத்துப் பீலியைத் தொட்டுக்கொண்டுதான் ஓடுகிறது.

நம் கையில் இருப்பது பாதி வேலை. வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் மக்குகிற சாமான். மழை விட்டதும் அவனைக் கொல்லைக்குக் கூட்டிப்போய்க் குவியலைக் காட்டினேன். நாலாயிரம் அடிக்கு மேலே குளிரிலும் மழையிலும் எதுவும் சீக்கிரம் மக்காது, நாறத்தான் செய்யும். ஈரமும் காய்ந்ததும் சரிக்குச் சரி கலக்காததால் வருகிற நாற்றம் அது. ஒரு வரிசை லீக்ஸ் தழை, மரக்கறித் தோல். அதன்மேல் ஒரு வரிசை காய்ந்த மானாப்புல், பொடியாக முறித்த மிலாறு. கொஞ்சம் மாட்டுச் சாணம். நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்றடியாவது வேண்டும், இல்லாவிட்டால் சூடு நிற்காது. மேலே தகரம். தகரத்தைத் தூக்கிக் கையை உள்ளே விடச் சொன்னேன். விட்டவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். நன்றாகக் கட்டிய குவியலின் நடுவில் 60 பாகை வரை ஏறும். 2021இல் இரசாயன உரம் நின்றபோது தோட்டமெல்லாம் கூட்டெருவுக்கு அலைந்தது. என் குவியல் ஒரு மலைத் தேயிலைக்கு எந்த மூலைக்கு? கோவாவுக்கும் கரட்டுக்கும் போதும்.

மக்காததை எரிக்கக்கூடாது என்றதும் உள்ளேயிருந்து அக்கா சிரித்தாள். அடுப்புப் பற்றவைக்க அவளுக்கு ஷொப்பிங் பேக்தான் வேண்டும், மழைக்கால விறகுக்கு வேறு எது பிடிக்கும் என்பாள். அவள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் ஒரு காம்பரா, ஒரு ஜன்னல். விறகடுப்புச் சூட்டில் பிளாஸ்டிக் முழுசாக எரியாமல் புகையாகத்தான் போகும். பிவிசி குழாய்த் துண்டு சேர்ந்துவிட்டால் டயொக்சின் என்ற நஞ்சு வேறு. மண்ணெண்ணெயில் நனைத்த மிலாறு இரண்டு வைத்துக்கொள் என்றேன். "மண்ணெண்ணெய் என்ன வெல?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பால்மா பக்கெட்தான் பெரிய தொல்லை. உள்ளே மினுமினுக்கிற பூச்சு, அதனால் பழைய சாமான்காரன்கூட எடுப்பதில்லை. கழுவி, காயவைத்து, மடித்து உரச்சாக்கில் போட்டு வருகிறேன். மூன்று மாதத்தில் சாக்கு நிறைந்துவிட்டது. டிரக்டர் வியாழக்கிழமை வருமாம். ரோட்டு வரை தூக்கிப்போக மருமகன் ஒத்துக்கொண்டிருக்கிறான்.