அமெரிக்கக் கறுப்பின ஆண்களை புராஸ்டேட் புற்றுநோய் அதிகம் கொல்வது ஏன்? காரணம் மரபணுவா, மருத்துவமனையா?

அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த லாயிட் ஆஸ்டினுக்கு 2023 டிசம்பர் 22 அன்று புராஸ்டேட் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை நடந்தது. புத்தாண்டு அன்று தொற்று காரணமாக மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தார். அவருக்கு வந்திருப்பது புற்றுநோய் என்ற விவரம் அதிபர் பைடனுக்கே ஜனவரி 9-ம் தேதிதான் தெரிந்தது! பெரிய சர்ச்சை. பிப்ரவரி 1-ல் செய்தியாளர்களிடம் மன்னிப்பு கேட்ட ஆஸ்டின், ஒரு புள்ளிவிவரத்தையும் சொன்னார். அமெரிக்க ஆண்களில் 8 பேரில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. கறுப்பின ஆண்களில் 6 பேரில் ஒருவருக்கு. ஆஸ்டினும் கறுப்பினத்தவர்தான்.

நோய் வருவதில் உள்ள வித்தியாசத்தைவிட, சாவில் உள்ள வித்தியாசம் பெரிது. வெள்ளையின ஆண்களோடு ஒப்பிட்டால், அமெரிக்கக் கறுப்பின ஆண்கள் இந்த நோயால் இறக்கும் விகிதம் சுமார் இரு மடங்கு. இத்தனைக்கும், சுரப்பியைத் தாண்டிப் பரவும் முன் கண்டுபிடித்துவிட்டால், கிட்டத்தட்ட எல்லோருமே 5 ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள்.

'அது அவங்க ஜீன்' என்பது சரியா?

பலர் சட்டென்று சொல்கிற பதில் இது. பாதி உண்மை. 8-வது குரோமோசோமில் ஒரு பகுதியில் உள்ள மாற்றங்கள் இந்த நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அவை அதிகம் என்பது 2006-லிருந்தே தெரியும். நோய் இளம் வயதிலேயே வருவதும் அவர்களிடம் அதிகம்.

ஆனா, நோய் வர்றது வேற, நோயால சாகுறது வேற. ஒரே மருத்துவமனை, ஒரே மருந்து, ஒரே செலவு என்று இருவருக்கும் கிடைத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. முன்னாள் படைவீரர்களுக்காக அரசே நடத்தும் மருத்துவமனைகள். அங்கே புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 60 ஆயிரம் பேரின் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வு 2020-ல் வெளியானது. 10 ஆண்டுகளில் இந்த நோயால் இறந்தவர்கள்: வெள்ளையர்களில் 5.1 சதவீதம், கறுப்பினத்தவரில் 4.4 சதவீதம். இரு மடங்கு என்ற இடைவெளியே காணோம்!

பிரிட்டனிலும் இதே கதைதான். அங்கு சிகிச்சை எல்லோருக்கும் இலவசம். கறுப்பின ஆண்களில் 4 பேரில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. வெள்ளையர்களில் 8 பேரில் ஒருவருக்கு. ஆனால் நோய் வந்தபின் அதனால் இறப்பது இரு தரப்பிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதாவது, நோய் வருவதில் மரபணுவுக்குப் பங்கு இருக்கலாம். வந்தபின் பிழைப்பாரா என்பதை, எந்த மாதிரி சிகிச்சை கிடைக்கிறது என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

அப்போ சிக்கல் எங்கே?

காப்பீடு இல்லாமை, நல்ல சிறுநீரக மருத்துவர் பக்கத்தில் இல்லாதது, தாமதமான பயாப்ஸி, இவையெல்லாம் எதிர்பார்த்தவைதான். அதே கட்டத்தில் நோய் இருந்தும் கறுப்பினத்தவருக்கு அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ குறைவாகவே கொடுக்கப்படுகிறது என்றும் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

அதிகம் பேசப்படாத ஒன்று, விதிமுறைகளே யாரை வைத்து எழுதப்பட்டன என்பது. பிஎஸ்ஏ என்பது இந்த நோயை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கக்கூடிய சாதாரண ரத்தப் பரிசோதனை. மெதுவாக வளரும், ஆபத்தில்லாத கட்டிகளுக்கும் தேவையில்லாத சிகிச்சையில் கொண்டுபோய் விடுகிறது என்று சொல்லி, 2012-ல் அமெரிக்காவின் தடுப்பு மருத்துவ நிபுணர் குழு 'யாருக்கும் வேண்டாம்' என்றது. நியாயமான கவலைதான். ஆனால் அதற்கு ஆதாரமாக இருந்த பெரிய ஆய்வுகளில் ஒன்றில், சுமார் 77 ஆயிரம் அமெரிக்க ஆண்களில் கறுப்பினத்தவர் வெறும் 4 சதவீதம். அதிக ஆபத்தில் இருப்பவர்களுக்கான முடிவை, அவர்கள் அநேகமாக இல்லாத ஆய்வை வைத்து எடுத்தால் எப்படி?

2018-ல் அந்தக் குழு தன் நிலையை மாற்றியது. 55 முதல் 69 வயதுள்ளவர்கள் மருத்துவரிடம் பேசி முடிவெடுக்கலாம் என்றது. அப்போதும் கறுப்பினத்தவருக்குத் தனி வயது சொல்லவில்லை. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அவர்களுக்கு 45 வயதிலேயே இந்தப் பேச்சைத் தொடங்கச் சொல்கிறது. புராஸ்டேட் புற்றுநோய் அறக்கட்டளை 2024-ல் இன்னும் முன்னே போய், 40-க்கும் 45-க்கும் இடையில் முதல் பரிசோதனை செய்யலாம் என்றது.

பரிசோதனைக்கு அழைத்தாலும் வரத் தயங்குகிறவர்கள் உண்டு. காரணமும் உண்டு. அலபாமாவின் டஸ்கெகீயில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோய் இருந்த சுமார் 400 கறுப்பின ஆண்களுக்கு, பென்சிலின் வந்த பிறகும் சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு சுகாதாரத் துறை வேடிக்கை பார்த்தது. தாத்தா, அப்பா காலத்துக் கதை அது. அவ்வளவு சீக்கிரம் மறக்காதுல்ல!

அதனால் சில நகரங்களில் சுகாதாரப் பணியாளர்கள் இப்போது சலூன்களுக்குப் போகிறார்கள். கறுப்பின ஆண்கள் மனசு விட்டுப் பேசுகிற இடம் அது. முடி வெட்டிக்கொண்டே, பல வருடம் பழகிய முடிதிருத்துநர் கேட்கிறார்: "பிஎஸ்ஏ டெஸ்ட் எடுத்தீங்களா?"