ஆபுத்திரன் வரலாறு உணர்த்தும் அருளறம்

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலை 30 காதைகளால் ஆகிய பௌத்தக் காப்பியம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1898ஆம் ஆண்டில் இதனை அரும்பதவுரையுடன் பதிப்பித்தது முதல், இதன் காலம், சமயக் கணக்கு, அளவை நூற் செய்திகள் ஆகியன அறிஞர் பலரால் ஆராயப்பெற்று வந்துள்ளன. ஆயினும் காப்பியத்தின் நடுவே அமைந்த ஆபுத்திரன் வரலாறு பெரும்பாலும் ஒரு கிளைக்கதை என்ற அளவிலேயே கருதப்பட்டு வருகிறது. வேள்வியை மறுக்கும் பௌத்தக் கொள்கைக்கு அஃது ஓர் எடுத்துக்காட்டு என்று கூறி அமைவாரும் உளர். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் அது முழு உண்மையன்று. பிறப்பையும் ஒழுக்கத்தையும் காட்டி ஒருவனைத் தீர்ப்பிட்டு ஒதுக்கும் சமுதாயத்தில், ஒதுக்கப்பட்டவன் எவ்வாறு வாழ்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு அவ்வரலாறு விடை கூறுகின்றது. அவ்விடை யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. வரலாற்றின் போக்கு

பாத்திரம் பெற்ற மணிமேகலைக்கு அறவண அடிகள் கூறுவதாக இவ்வரலாறு 13, 14ஆம் காதைகளில் அமைந்துள்ளது. வாரணாசியில் மறை ஓதுவிக்கும் அபஞ்சிகன் என்பானின் மனைவி சாலி. அவள் கற்பொழுக்கத்தினின்று வழுவித் தண்டனைக்கு அஞ்சிக் குமரியாடத் தென்றிசை நோக்கி வருகின்றாள். வழியில் ஈன்ற மகவை, இரக்கமின்றி, எவர் கண்ணுக்கும் புலப்படாத ஒரு தோட்டத்தில் இட்டுச் செல்கின்றாள். பசு ஒன்று அக்குழவியை நாவால் நக்கிப் பாலூட்டி ஏழு நாள் காக்கின்றது. அவ்வழியே மனைவியுடன் வந்த வயனங்கோட்டு இளம்பூதி என்னும் அந்தணன் குழவியைக் கண்டு, இவன் ஆவின் மகன் அல்லன், தன் மகனே என்று கூறி எடுத்து வளர்க்கின்றான். மறைநூற் கல்வியும் அளிக்கின்றான்.

இளைஞனான ஆபுத்திரன் ஒருநாள் அந்தணர் ஒருவர் மனையில் வேள்விக்கெனக் கட்டப்பட்டிருந்த பசுவைக் கண்டு நெஞ்சு நடுங்குகின்றான். இரவில் அதனைக் கொண்டு செல்லும்போது பிடிபட்டுப் புடைக்கப்படுகின்றான். பசு தன்னைப் பற்றியவனைக் குத்திவிட்டுக் காட்டினுள் ஓடிவிடுகின்றது. பின்னர் நிகழும் சொல்லாடலே ஈண்டு நாம் நின்று நோக்கத்தக்கது.

2. இருவகைத் தீர்ப்புகள்

ஆபுத்திரன் தன்னை அடிப்போரிடம் முதலில் பேசுவது பசுவுக்காகவே. பிறந்த நாள் தொட்டு மக்கட்குத் தன் பாலை அருளோடு அளிக்கும் உயிரின்மேல் இத்துணைச் சினம் வருதற்குக் காரணம் என்ன என்று அவன் வினவுகின்றான். அவ்வினாவுக்கு எதிர்ப்பட்டோர் விடை கூறவில்லை. கேட்டவனின் தகுதியையே ஆராயத் தொடங்குகின்றனர். மறையின் கருத்தறியாதவன் எனவும், ஆவின் மகன் ஆதற்கே ஒத்தவன் எனவும் இகழ்கின்றனர். கேட்கப்பட்ட பொருளை விடுத்துக் கேட்டவன் பிறப்பைப் பற்றுதல் எக்காலத்தும் தீர்ப்பிடும் சமுதாயத்தின் இயல்பு என்பதைச் சாத்தனார் இங்கே நன்கு காட்டுகின்றார்.

இவ்விகழ்ச்சிக்கு ஆபுத்திரன் கூறும் மறுமொழி நுட்பமானது. தான் ஆவின் மகன் அல்லன் என்று அவன் மறுக்கவில்லை. ஆவும் மானும் புலியும் நரியும் ஈன்றோராக வழங்கப்படும் முனிவர் நால்வரின் பெயரைச் சுட்டி, அவர்களை உயர்ந்தோர் என்று கொள்ளும் நீங்கள் ஆவொடு வந்த குலத்தை எங்ஙனம் இழிவென்பீர் என்று வினவுகின்றான். வசையாக எறியப்பட்ட பெயரையே அவன் தன் பெயராக ஏற்கின்றான். காப்பியமும் இறுதிவரை அப்பெயராலேயே அவனைப் போற்றுகின்றது.

அடுத்து வரும் தீர்ப்பு இதனினும் கொடியது. கூட்டத்தில் இருந்த ஓர் அந்தணன், இவன் பிறப்பை யான் அறிவேன் என்று எழுகின்றான். குமரியில் சாலியைத் தான் கண்டதையும், கொற்கைக்கு அப்பால் ஆயர் இருக்கையின் அருகே குழவியை இட்டு வந்த செய்தியை அவளே சொன்னதையும் அவன் உரைக்கின்றான். அவள் அதனைச் சொன்ன நிலை யாது? தீவினையுடைய எனக்கும் போக்கிடம் உண்டோ என்று அழுதவாறே சொன்னாள். துயருற்ற ஒருத்தி ஆறுதல் வேண்டி வெளியிட்ட மறைமொழி, ஆண்டுகள் பல கழிந்தபின் அவள் மகனைத் தாழ்த்தும் சான்றாகின்றது. அதனைக் கேட்டவன் அன்று அவளுக்கு ஆறுதல் கூறியதாகக் காப்பியம் கூறவில்லை. அவன் நெஞ்சில் தங்கியது அவளது கண்ணீர் அன்று; குற்றம் ஒன்றே.

3. தாய்க்காக எழுந்த குரல்

இந்நிலையில் ஆபுத்திரன் நகைக்கின்றான். பெருமுனிவர் இருவர் கடவுட் கணிகையின் வயிற்றிற் பிறந்தோர் என்னும் புராணச் செய்தியை எடுத்துக் காட்டி, அங்ஙனமாயின் சாலியிடத்துத் தவறு உண்டோ என்று வினவுகின்றான்.

இம்மறுமொழியைச் சொற்போரில் வெல்லும் சூழ்ச்சி என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. தன்னை ஈன்ற நாளிலேயே எறிந்து சென்றவள் சாலி. அவள் பெயரை ஆபுத்திரன் கேட்பதும் அப்பொழுதே. அவளைப் பழித்துத் தன்னை விடுவித்துக் கொள்ள அவனுக்கு வழி இருந்தது. அவன் அவ்வாறு செய்யாமல், அவையில் இல்லாத தாய்க்காகப் பேசுகின்றான். பேசத் தெரியாத பசுவுக்காகப் பேசியவன், பேச இயலாத தாய்க்காகவும் பேசுகின்றான் என்பது நோக்கத்தக்கது. இரண்டும் ஓர் அருளின் இரு வெளிப்பாடுகளே.

இதனால் சாத்தனார் ஒழுக்க வழுவை ஒழுக்கமாக்குகின்றாரோ எனின், அற்றன்று. சாலி காவல் கடந்ததையும், மகவுக்கு இரங்காமையையும் அவர் மறைக்கவில்லை. பசு காட்டிய இரக்கத்தைத் தாய் காட்டவில்லை என்பது கதையமைப்பிலேயே தெளிவாகின்றது. ஆனால் ஒருவர் செய்த வழு அவர்தம் வாழ்வு முழுமையையும் அளக்கும் கோலாகாது. அவர் வயிற்றுப் பிறந்தாரை அளக்கும் கோல் ஆதல் ஒருசிறிதும் இல்லை. இதுவே கவிஞர் கருத்து எனலாம்.

இச்சொல்லாடலின் முடிவில் இளம்பூதியும் மகனைக் கைவிடுகின்றான். குலம் வினவாது குழவியை எடுத்தவன் அவனே. அன்றிருந்த மகனுக்கும் இன்றிருக்கும் மகனுக்கும் வேறுபாடு யாதும் இல்லை. ஒரு செய்தி தெரியவந்தது என்பதே வேறுபாடு. அருளுடையார் நெஞ்சையும் ஊராரின் தீர்ப்பு எவ்வாறு மாற்றிவிடுகின்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. இளம்பூதியைக் கொடியவனாகப் படைத்திருப்பின் இவ்வுண்மை இத்துணை ஆழமாகப் புலப்பட்டிராது.

4. கல் விழுந்த கலம்

வெளியேற்றப்பட்ட ஆபுத்திரன் அந்தணர் ஊர்களில் பிச்சைக்குச் செல்ல, ஆவைக் கவர்ந்த கள்வன் என்று கூறி அவன் கலத்தில் கல்லை இடுகின்றனர். அவன் தென்மதுரை அடைந்து, சிந்தாதேவி கோயிலின் முன்னிடத்தில் தங்குகின்றான். நாள்தோறும் மனைகள்தோறும் இரந்த உணவைக் கொண்டுவந்து கண்ணிழந்தோர், செவிப்புலன் அற்றோர், முடவர், காப்பார் இல்லாதோர், நோயுற்றோர் ஆகிய அனைவரையும் அழைத்து உண்பிக்கின்றான். அவர்கள் உண்டு எஞ்சியதைத் தான் உண்டு, அவ்வோட்டையே தலைக்கு அணையாக வைத்து உறங்குகின்றான்.

இங்கு இரண்டு கருத்துகள் சிந்தித்தற்கு உரியன. முதலாவது, இது தெய்வக்கலம் கிடைப்பதற்கு முன் நிகழ்ந்தது என்பது. அமுதசுரபி அவனை அருளுடையவன் ஆக்கவில்லை. மழை பெய்யும் நள்ளிரவில் பசித்து வந்தோர்க்கு அளிக்க ஒன்றும் இன்றி அவன் வருந்தியதைக் கண்டே சிந்தாதேவி அதனை அளிக்கின்றாள். இரண்டாவது, உண்ண வந்தோரிடம் அவன் எதனையும் வினவவில்லை என்பது. குலம் யாது, நோய் எவ்வினையால் வந்தது, உணவு பெறும் தகுதி உண்டோ என்ற வினாக்கள் அவ்விடத்தில் எழவே இல்லை. தீர்ப்பிடப்பட்டவன் தீர்ப்பிடாதவன் ஆகின்றான். உணவு அளித்தோர் உயிர் அளித்தோர் என்னும் கருத்து, குடபுலவியனார் பாடிய 18ஆம் புறப்பாட்டிலும் மணிமேகலையிலும் ஒருங்கே காணப்படுகின்றது. புறப்பாட்டில் அது நீர்நிலை அமைக்குமாறு அரசனுக்குக் கூறும் அறிவுரை. இங்கோ ஓர் இரவலன் மேற்கொண்ட வாழ்க்கைநெறி.

5. இந்திரனும் சமுதாயமும்

அறத்தின் பயனை அளிக்க முதிய அந்தணன் வடிவில் இந்திரன் வருகின்றான். வானுலகில் அறம் செய்வாரும் இல்லை, காக்கப்படுவாரும் இல்லை. பசித்தோர் பசி களைந்து அவர்தம் மலர்ந்த முகத்தை எனக்குக் காட்டும் இக்கலத்தினும் மேலாக நீ அளிக்க வல்லது யாது என்ற கருத்துப்பட ஆபுத்திரன் மறுக்கின்றான். மறுமைப் பயன் கருதாத அறம் எனும் கொள்கையை இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது. உண்டோரின் முகமே அவன் பெற்ற பயன்.

வெகுண்ட இந்திரன் 12 ஆண்டு மழையற்றிருந்த பாண்டி நாட்டில் மழை பொழிவிக்கின்றான். வளம் பெருகவே உண்பார் எவரும் வாராராகின்றனர். ஊர்தோறும் உண்போர் உளரோ என்று வினவித் திரியும் ஆபுத்திரனை மக்கள் எள்ளுகின்றனர். வறுமையில் அவனை நாடிய ஊர், வளத்தில் அவனை அறியாததாயிற்று. சாவக நாட்டில் பஞ்சம் எனக் கேட்டுக் கலமேறிய அவன், மணிபல்லவத்தில் இறங்கியபோது கலம் அவனை விட்டுச் சென்றுவிடுகின்றது. பல்லுயிர் காக்கும் கலம் தன் ஓருயிரை மட்டும் காத்தலைப் பொறாமல், அருளுடையார் கையில் சேர்க எனக் கூறி அதனைக் கோமுகிப் பொய்கையில் இட்டு, உண்ணாதிருந்து உயிர் துறக்கின்றான்.

6. கலம் சேர்ந்த கை

அக்கலம் மணிமேகலை கையை அடைகின்றது. அவளும் பிறப்பால் தீர்ப்பிடப்பட்டவளே. மாதவி மகள் கணிகையர் தொழிலையே மேற்கொள்ள வேண்டும் என்று பாட்டி சித்திராபதி எண்ணுகின்றாள். அரசகுமரன் உதயகுமரனும் அவளை அவ்வாறே மதிக்கின்றான். வழுவிய தாய் ஈன்ற மகனிடமிருந்து கணிகை குலத்து மகளுக்கு அக்கலம் வந்து சேர்வது தற்செயல் அன்று; காப்பியத்தின் அடிப்படைக் கருத்தோடு இயைந்தது. அவள் அரசனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றும் 19ஆம் காதையும் இக்கருத்தின் வளர்ச்சியே. சிறை, தீர்ப்பிடப்பட்டோர் உறையும் இடம். அங்கும் அக்கலம் குற்றத்தை வினவாமல் பசியை மட்டும் வினவுகின்றது.

27ஆம் காதை பல சமயக் கணக்கர்தம் கொள்கைகளை வரிசைப்படுத்தி ஆராய்கின்றது. அளவை வாதங்களால் நிலைநாட்டப்பெறும் சமயம் அது. ஆபுத்திரன் வரலாற்றில் விளங்கும் சமயமோ வேறு வகையினது. கலத்தில் கல்லைப் பெற்றவன் அதே கலத்தில் பிறர்க்குச் சோறு இட்டான். சமயம் என்பது தன்னைச் சார்ந்தோரைத் தூயோர் எனவும் ஏனையோரை இழிந்தோர் எனவும் பகுத்தற்கு அமைந்ததோ, பசித்தோர் முகம் மலரக் காண்பதற்கு அமைந்ததோ என்னும் வினாவை இவ்விரு கலங்கட்கு இடையே சாத்தனார் வைத்துள்ளார். மணிமேகலையைக் கற்போர் 27ஆம் காதைக்கு அளிக்கும் கருத்தை 13ஆம் காதைக்கும் அளிப்பாராயின், அக்காப்பியத்தின் சமயம் இன்னது என்பது நன்கு விளங்கும்.